ரங்கூனுக்கு ஏழு மணி நேரம்

ரங்கூனிலிருந்து சென்னைக்கு நேர்க்கோட்டில் ஏறத்தாழ ஆயிரத்து நூறு மைல். மணிக்கு நூற்றைம்பது மைல் வேகத்தில் பறக்கும் ஆகாய விமானம் அந்தத் தூரத்தை ஏழு மணி இருபது நிமிஷத்தில் கடந்துவிடும். இந்தக் கணக்கை நான் போட்டது 1942இல், சித்திரபானு வருஷம் ஐப்பசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விட்ட பிறகு. கணக்கில் பிழை இல்லை. இன்று போட்டுப் பார்த்தாலும் அதே விடைதான் வரும். அந்தக் கணக்கால் ஒரு பெண்ணின் தாலி போயிற்று.

அப்போது நான் புதுச்சத்திரத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். பள்ளிக்கூடத்தின் முன் அறையிலேயே கிளைத் தபால் நிலையம் இருந்தது. அதுவும் என் பொறுப்பு. கட்டடம் ஊர்ப் பெரிய பண்ணையக்காரருடையது. பண்ணாடி என்று ஊரார் அழைத்த அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். மெல்லப் பேசுவார். யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. குழந்தையையும் ‘சாமி’ என்பார், பண்ணையாளையும் ‘சாமி’ என்பார்.

எனக்கு அந்த நாளில் தூரங்களை அளக்கும் பழக்கம் இருந்தது. பள்ளிக்கூடத்து அட்லாஸின் மேல் தையல் நூலை வைத்து இரண்டு ஊர்களுக்கு நடுவே இழுத்துப் பிடித்து, மூலையில் இருக்கும் அளவுகோலில் வைத்து மைலாக மாற்றுவேன். லண்டன் - கராச்சி, கராச்சி - சென்னை என்று நாட்குறிப்பில் பல பக்கங்கள் எழுதி வைத்திருந்தேன். யுத்தம் வந்து தலைக்கு மேல் ஆகாய விமானங்கள் போக ஆரம்பித்த பிறகு இந்தப் பழக்கத்துக்கு ஊரில் ஒரு மதிப்பும் வந்தது. சத்தம் கேட்டால் களத்தில் இருப்பவர்கள் நெற்றியில் கை வைத்து அண்ணாந்து பார்த்துவிட்டு, நேரே என்னிடம் வருவார்கள். “வாத்தியாருங்க, இது எங்கிருந்து எங்கீங்க போவுது?” எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னதாக ஞாபகமும் இல்லை.

பண்ணாடிக்கு ஒரே தம்பி. பாகம் பிரிக்கச் சொல்லி அண்ணனோடு மனஸ்தாபப்பட்டு, ரங்கூனில் ஒரு நெல் ஆலையில் மேஸ்திரி வேலைக்குப் போனவன். பாகம் பிரியவில்லை, நிலம் பொதுவில் இருந்தது. குழந்தை இல்லை. மனைவியை அண்ணன் வீட்டில் விட்டுப் போயிருந்தான். மாதம் ஒரு கடிதம் வரும். அவளுக்கு எழுத்து தெரியாததால் தபால் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொள்வாள், நான் படிப்பேன். முடிந்ததும், “இன்னொருக்காப் படிங்க சாமி” என்பாள். இரண்டாம் தடவை படிக்கும்போது வாய்க்குள் கூடவே சொல்லிக்கொண்டு வருவாள்.

முந்தின விஷு வருஷம் மார்கழியில் ரங்கூனில் குண்டு விழுந்தது. அதற்குச் சில நாள் முன்பு எழுதிய கடிதம்தான் கடைசி. மாசியில் ரங்கூனே ஜப்பான்காரன் கைக்குப் போயிற்று. பிறகு எதுவும் வரவில்லை. அவள் வாரம் ஒரு தடவை வந்து ஜன்னலுக்கு வெளியே நிற்பாள், நான் தலையை ஆட்டுவேன், போய்விடுவாள்.

எட்டு மாதம் இப்படிப் போன பின் அந்த வெள்ளிக்கிழமை பண்ணாடி வந்தார். கூட நாலைந்து பேர். பெஞ்சில் உட்கார்ந்து, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டார்.

“ஏனுங் வாத்தியாரே, ரங்கூனுக்கும் மெட்ராசுக்கும் எத்தன தூரமிருக்குமுங்க?”

நான் அட்லாஸை எடுத்து விரித்து நூலை இழுத்துப் பிடித்தேன். எல்லோரும் எழுந்து வந்து மேஜையைச் சுற்றி நின்றார்கள். வங்காள விரிகுடாவின் நீலத்தின் மேல் வெள்ளை நூல் கிடந்தது. ஆயிரத்து நூறு என்றேன்.

“ஏரோப்பிளான்ல வந்தா?”

வகுத்துச் சொன்னேன்.

“அட, ஏழு மணி நேரந்தானா? நம்ம கரியடுப்பு பஸ்ஸு சேலத்துக்குப் போயித் திரும்பறதுக்குள்ள ரங்கூன் ஆளு வந்து சேந்துருவான்!” என்றார் ஒருவர்.

“நடுவால காப்பி குடிக்க எறக்கி உடுவாங்களான்னு கேளுங்க” என்றார் இன்னொருவர். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பண்ணாடி சிரிக்கவில்லை. “இதைக் கொஞ்சம் எழுதிக் குடுங்க. நமக்கு ஞாபகம் நிக்காது” என்றார். அரைத்தாள் காகிதத்தில் எழுதினேன்: ரங்கூன் - சென்னை, மைல் 1100, ஆகாய மார்க்கம் 7 மணி 20 நிமிஷம். அதை வாங்கிப் பார்த்தவர், “ஒரு சீலு வெச்சுக் குடுத்தீங்கன்னா நாலு பேரு நம்புவாங்க” என்றார்.

தபால் முத்திரையைத் தபாலுக்கு மட்டுமே வைக்க வேண்டும். வேறு காகிதத்தில் வைத்தால் வேலை போகும். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கட்டடம் அவருடையது, கேட்டது அவர். இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுத வேண்டும்: நான் போட்ட கணக்கின் மேல் தேதி முத்திரை விழுவதைப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது. மையை நன்றாக ஒற்றி வைத்தேன். தேதி, மாதம், வருஷம் மூன்றும் பிசிறில்லாமல் விழுந்தன.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார் கோயில் முன் கூட்டம் கூட்டினார்கள். நானும் வர வேண்டும் என்று ஆள் வந்தது. போனபோது பண்ணாடியின் கையில் அந்தக் காகிதம் இருந்தது. அதன் நாலு மூலையிலும் மை தடவியிருந்தது.

சாவுச் செய்தி எழுதும் கடிதத்துக்கு மூலையில் மை தடவுவது எங்கள் பக்கத்து வழக்கம். படிக்கத் தெரியாதவனும் மையைப் பார்த்தால் தலைத்துண்டை எடுத்துவிடுவான். அப்படிப்பட்ட கடிதத்தை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் வாசலிலேயே படித்துக் கிழித்துப் போடுவார்கள். அந்தக் கூட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்னைச் சேர்த்து மூன்று பேர். காகிதம் கை மாறி மாறிப் போயிற்று. மையைப் பார்த்தார்கள், முத்திரையைப் பார்த்தார்கள், உச்சுக் கொட்டினார்கள். படிக்கத் தெரிந்த மற்ற இருவரும் பண்ணாடியின் பங்காளிகள், மடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

“வாத்தியாருங்க, இது உங்க கையெழுத்துத்தானுங்களே?” என்றார் பண்ணாடி.

“ஆமாம்.”

“சர்க்கார் சீலுத்தானுங்களே?”

“ஆமாம்.”

“ரங்கூன்ல இருந்து மெட்ராசு வர எத்தன நேரம்?”

“ஏழு மணி இருபது நிமிஷம்.”

அவர் ஊரைப் பார்த்துத் திரும்பினார். “வெள்ளக்காரன் பூராப் பேரும் வந்து சேந்துட்டான். ஏழு மணி நேரத்துல வாரதுக்கு எட்டு மாசம் ஆகுங்களா? உசுரோட இருந்தா எந் தம்பி வந்திருக்க மாட்டானுங்களா? நானா ஒண்ணும் சொல்லலீங்க. கடுதாசி சொல்லுது.”

கடுதாசி எதுவும் சொல்லவில்லை. ஆனால் நான் வாயைத் திறந்தால் முத்திரை எப்படி அதில் வந்தது என்று சொல்ல வேண்டும்.

பெண்கள் பக்கத்திலிருந்து அவள் எழுந்தாள். முப்பது வயது இருக்காது. கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாததால் குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது.

“அவருக்கு ஏரோப்பிளான் எல்லாம் தெரியாதுங்க. எம் புருசனுக்கு ஆரு டிக்கெட்டு எடுத்துக் குடுப்பாங்க? அவரு நடந்துதானுங்க வருவாரு. வாத்தியாரே, நடந்து வந்தா எத்தன நாளாகுமுன்னு கணக்குப் போட்டுச் சொல்லுங்க சாமி.”

“கடலு மேலயா நடப்பான்?” என்று யாரோ கேட்டார்கள். “ஆஞ்சநேயரு மாதிரி தாண்டிக் குதிப்பான்” என்றது இன்னொரு குரல். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

தரைவழி உண்டு. மலைகளைத் தாண்டி மணிப்பூர் வழியாக ஆயிரக்கணக்கான பேர் நடந்து வருகிறார்கள், வழியில் சாகிறார்கள், பிழைத்தவர்கள் ஆஸ்பத்திரிகளில் கிடக்கிறார்கள் என்று பத்திரிகைகளில் படித்துக்கொண்டிருந்தேன். விமானங்களில் இடம் கிடைத்தது பெரும்பாலும் வெள்ளையருக்குத்தான் என்பதும் எழுதியிருந்தார்கள். செய்தியைக் கத்தரித்து நாட்குறிப்பில் ஒட்டியிருந்தேன். கூட்டத்தில் சொல்ல அவ்வளவும் என்னிடம் இருந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அதுக்குக் கணக்குப் போட முடியாதம்மா” என்றேன்.

“வாத்தியாரே சொல்லிட்டாருங்க” என்றார் பண்ணாடி. “உக்காரு சாமி.”

ஐந்தாம் நாள் கருமாதி. உடல் இல்லாததால் வைக்கோலில் உருவம் செய்து, அவன் விட்டுப்போன சட்டையை அதற்குப் போட்டுவிட்டார்கள். “ஆளு இத்தன தடிமன் இல்லியே, கொஞ்சம் உருவி உடுங்கடா” என்று ஒருவர் சொல்ல, கொஞ்சம் வைக்கோலை உருவினார்கள். பண்ணாடி மீசை எடுத்து, தலை மழித்து, கொள்ளி வைத்தார். உண்மையாகவே அழுதார் என்றுதான் நினைக்கிறேன்.

கைம்பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்துதான் வெள்ளைப் புடவை வர வேண்டும். அவளுடைய தம்பி திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வாங்கிக்கொண்டு வந்திருந்தான். அவள் அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். “நீயாவது கொண்டாராம இருந்திருக்கலாமேடா, நீ குடுக்காட்டி இவிய என்ன பண்ணீருவாங்க” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவன் காலை உருவிக்கொண்டு, புடவையை அவள் தோளில் போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டான். வளையலை உடைத்தபோது மணிக்கட்டில் ரத்தம் வந்தது. தாலிக்கயிறு சுலபமாக வரவில்லை. பிடித்துக்கொண்டிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். பிரித்தவர்கள் பெண்கள்தான், அவர்களில் மூன்று பேர் அதே மாதிரி விரல் பிரிக்கப்பட்டவர்கள்.

பிள்ளையில்லாதவன் செத்தால், பிரியாத நிலம் உடன்பிறந்தவனுக்கு. அவளுக்குச் சோறும் வருஷத்துக்கு இரண்டு புடவையும். அதைப் பண்ணாடி குறைவில்லாமல் கொடுத்தார்.

தை மாதம், பொங்கல் கழித்து, தபால் பையில் ஒரு கார்டு வந்தது. கல்கத்தாவில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து எழுதியது. விலாசத்தில் ‘புதுச்சத்திரம்’ இருந்தது, ‘சேலம் ஜில்லா’ இல்லை. சிதம்பரம் பக்கத்தில் ரயில் நிலையத்தோடு இன்னொரு புதுச்சத்திரம் உண்டு. கார்டு முதலில் அங்கே போய்ச் சில வாரங்கள் கிடந்து, அங்குள்ளவர் ‘சேலம் ஜில்லா பார்க்கவும்’ என்று எழுதித் திருப்பியிருந்தார். கார்டின் முதுகில் முத்திரைகளுக்கு மேல் முத்திரை. அவற்றை வரிசைப்படுத்தி எந்தத் தேதியில் எங்கே இருந்தது என்று முதலில் குறித்துக்கொண்டேன். பிறகுதான் படித்தேன். அண்ணனுக்கு எழுதியிருந்தது: நடந்து வந்து சேர்ந்தேன், காய்ச்சலாகக் கிடக்கிறேன், எழுந்து நடமாட ஆனதும் வருகிறேன், வீட்டில் சொல்லவும். எழுதியது வேறு யாரோ.

விலாசம் பண்ணாடியின் பெயருக்கு இருந்தது. தபாலை விலாசதாரரிடம் சேர்க்க வேண்டும் என்பது விதி. விதிப்படி நடந்தேன்.

“படிங்க” என்றார். படித்தேன். “இன்னொருக்காப் படிங்க” என்றார். படித்தேன்.

“இது எந் தம்பி கையெழுத்துங்களா?”

“இல்லை. யாரோ எழுதிக் கொடுத்தது.”

“அப்ப ஆரோ எழுதுனது.” கார்டை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தார். தபால் பையைக் கொண்டுவந்த பஸ் எதிரே நின்றிருந்தது. பெட்ரோல் கிடைக்காத காலம். எல்லா வண்டிகளுக்கும் பின்னால் கரி அடுப்பு மாட்டியிருந்தார்கள். கிளீனர் மூடியைத் திறந்து கிளறிக்கொண்டிருந்தான். பண்ணாடி அவன் தோள் மேல் கை வைத்து, “தள்ளு சாமி” என்று சொல்லிக் கார்டை உள்ளே போட்டார். திரும்பி வந்து, “பள்ளிக்கூடத்து ஓடு ஒழுகுதுன்னீங்களே, நாளைக்கு ஆள அனுப்பறேன்” என்றார்.

அடுத்த மூன்று மாதமும் அவள் தினமும் மாட்டுத் தீவனக் கட்டோடு ஜன்னலைத் தாண்டிப் போனாள். கைம்பெண்ணுக்குக் கடிதம் ஏது; அவள் நிற்கவில்லை, ஜன்னல் பக்கம் முகத்தை மட்டும் திருப்புவாள். அவள் வரும் நேரத்தில் நான் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கப் பழகினேன்.

அடுத்த வருஷம், சுபானு சித்திரை. பகல் பதினொரு மணி. ரோட்டிலிருந்து ஒரு மனிதன் தடியூன்றி வந்து பண்ணாடி வீட்டு வாசலில் நின்றான். கறுத்து, வற்றி, தலைமயிர் கொட்டி, ஒரு கால் விரல்கள் இல்லாமல் இருந்தான். இருந்தாலும் தெருவில் ஒருவருக்கும் அடையாளம் தெரியாமல் போகவில்லை. பள்ளிக்கூடத்துக்குச் செய்தி வந்து நான் போய்ச் சேரும்போது ஊரே கூடியிருந்தது. அவன் வாசலுக்கு வெளியே, பண்ணாடி நடையில்.

“அங்கயே நில்லு சாமி” என்றார் பண்ணாடி. “உனக்குக் கொள்ளி வெச்சு, தண்ணி எறச்சு, காக்காய்க்குச் சோறும் வெச்சாச்சு. எழவு எடுத்த ஊட்டுக்குள்ள மறுக்கா நீ காலு வெச்சா, வெச்ச கருமாதி எங்களத்தான் புடிக்கும்.”

“அண்ணா, நாந்தான் நிக்கிறேனே.”

“நீதான். ஆரு இல்லீன்னாங்க? நீ செத்துப் போயிட்ட சாமி, அவ்வளவுதான்.”

யாரும் சிரிக்கவில்லை. தீட்டுக் கழித்து உள்ளே விடலாம் என்று ஒரு கிழவர் சொல்லிப் பார்த்தார். செத்தவனை எழுப்பினால் நிலமும் எழுந்திருக்குமே என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கிழவரும் கூட்டத்தில் பின்னால் நகர்ந்துகொண்டார்.

“கார்டு போட்டனே, வல்லியா?” என்று அவன் கேட்டான்.

“ஒண்ணும் வல்லியே. வாத்தியாரு இதோ இருக்காரு, கேட்டுக்க.”

அவன் என் பக்கம் திரும்புவதற்குள் அவள் மாட்டுக்கொட்டகையிலிருந்து வந்துவிட்டாள். கையில் சாணம். அவன் அவளைப் பார்த்தான். முகத்தை அல்ல, புடவையைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

“எத்தன சீக்கிரம் கட்டிக்கிட்ட” என்றான்.

எட்டு மாதம் ஜன்னலுக்கு வெளியே நின்றதையும், கூட்டத்தில் எழுந்து பேசியதையும் அவள் சொல்லவில்லை. கையைப் புடவையிலேயே துடைத்துக்கொண்டு, நடையைத் தாண்டி வெளியே வந்து அவனுக்குப் பக்கத்தில் நின்றாள். “அந்தப் படி தாண்டினா சோறு கெடயாது சாமி” என்றார் பண்ணாடி. அவள் திரும்பவில்லை.

இருவரும் தபால் நிலையத்துக்கு வந்தார்கள். நான் முன்னாலேயே ஓடி வந்து ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

“இவரு கார்டு போட்டாருங்களாம். வந்துச்சுங்களா சாமி?” என்றாள்.

“இன்னொரு புதுச்சத்திரம் இருக்கிறது. ஜில்லா பெயர் இல்லாவிட்டால் அங்கே போய்விடும்” என்றேன்.

“அது போச்சுங்க. இங்க வந்துச்சுங்களா?”

“வரவில்லை.”

அவள் சற்று நேரம் என் முகத்தைப் படித்தாள். அதற்கு எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிறகு அவனிடம், “வல்லியாமா, வாங்க” என்றாள்.

நாமக்கல் போகும் வண்டி அப்போதுதான் அடுப்பு மூட்டி முடித்திருந்தது. அன்றைக்கு அதற்கு முதல் நடை. உள்ளே ஒருவரும் ஏறவில்லை. அவள் படியில் கால் வைக்கப் போனபோது டிரைவர் குறுக்கே கையை நீட்டினார்.

“ஏனம்மா, மொதப் போணிக்கே முண்டச்சி ஏறுனா வண்டி நாமக்கல்லு போயிச் சேருமா? நாலு பேரு ஏறட்டும், பொறவு வா.”

“எம் புருசனோடதானுங்க வாரேன்.”

டிரைவர் அவனைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். அவர் ராசிபுரத்துக்காரர், ஊர்க் கதை தெரியாது. ஜன்னல் பக்கம் திரும்பி, “ஏனுங் வாத்தியாரே, இந்தாளு இவ புருசனாமா?” என்று கத்தினார்.

பண்ணாடியின் ஆட்கள் இரண்டு பேர் எதிரில் நின்றிருந்தார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். “ஆமாம். புருஷன்தான்” என்றேன். அந்தக் கதையில் நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.

“புருசன் இருக்கறவ எதுக்குங்க வெள்ளச் சீல கட்டறா?” என்று டிரைவர் சிரித்தார். “நல்ல வாத்தியாரு போங்க. எங்கியோ ஓடிப் பொழைக்கப் போற ஜோடி, நீங்களுஞ் சேந்து சாட்சி சொல்றீங்க.” எதிரில் இருந்தவர்களும் சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் ஊரில் அந்தப் பேச்சுதான் நின்றது: பண்ணாடி வீட்டுக் கைம்பெண் எவனோ ஒரு பரதேசியோடு ஓடிப்போனாள். அவனை அடையாளம் கண்டவர்களும் அப்படியே சொன்னார்கள்.

இருவரும் வண்டிக்காகக் காத்திருக்கவில்லை. நாமக்கல்லுக்கு அங்கிருந்து ஒன்பது மைல் இருக்கும். விரல் இல்லாத காலோடு அவன் முன்னால் நடந்தான். பத்தடி பின்னால் அவள். ஒரு தடவை அவன் நின்று ஏதோ சொன்னான், கையை ஓங்கியது போலத் தெரிந்தது. அவள் நின்றாள். அவன் நடந்த பிறகு அவளும் நடந்தாள். கொஞ்ச நேரத்தில் வண்டி ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பி அவர்களைத் தாண்டிப் போயிற்று. புழுதிக்கு அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.